பதினான்காவது கல்

பொறையாறு பேருந்து நிலையத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை எனக்கு.
பட்டா, ஜாதிச் சான்று, இறந்தவர் ஆதார்
எல்லாம் என் கண்ணாடிமேல் குப்புறப் படுத்து எழும்.
எதையும் படிப்பதில்லை.
படித்தால் கடை நடக்காது.

செல்லக்கிளி கொண்டுவந்த புலப்படத்தைப் படித்துவிட்டேன்.
ஓரம் கிழிந்த தாள், நேராக வைக்கப் பார்க்கையில்
தாழந்துறைத் தெருவிலிருந்து கடல் வரை
இரட்டைக் கோடு,
நடுவே பொடி எழுத்தில்: பாதை.

அந்த இடத்தில் பதினோரு வருடமாய் இருப்பது
இறால் பண்ணையின் முள்வேலி.
சுற்றித்தான் போக வேண்டும்.
கூடையிலிருந்து ஒழுகிய மீன் தண்ணீர்
ரவிக்கை முதுகில் காய்ந்து
வெள்ளையாய்ப் பூக்கும் அளவு தூரம்.

மனுவோடு வைக்க நாற்பத்தோரு பிரதி கேட்டாள்.
நாற்பத்திரண்டு எடுத்தேன்.
ஒன்று என் மேசை இழுப்பறையில்.

வேலியை உள்ளே தள்ளச் சொல்லி ஒரு தாள் வந்தது,
நான்தான் நகல் எடுத்தேன்.
பாதை போட நிதி இல்லை என்று இன்னொரு தாள்.
அதற்கும் இரண்டு நகல்.

அடுத்த ஞாயிறு கடையைச் சாத்திவிட்டுப் போனேன்,
சும்மா பார்த்துவிட்டு வரலாமென்று.
என் கையில் மண்வெட்டியைத் திணித்தது யாரென்று
இன்றுவரை தெரியவில்லை.

பண்ணைக் கழிவில் ஊறிய களி
முழங்கால் வரை வாங்கிக்கொள்ளும், திருப்பித் தராது.
என் இடது செருப்பு இன்னும் அங்கேதான்.
ஜெஹபர் அலி, இடித்த ரேஷன் கடையின் செங்கல்லை
மினி லாரியில் கொண்டுவந்து கொட்டினார்.
ஆக்கூர்ப் பக்கம் குறுவைக்குப் போட்ட
யூரியாவின் காலிச் சாக்குகள் முந்நூறு
மணலேறி வயிறு பெருத்து வரிசையில் படுத்தன.
ஐ.டி.ஐ. பையன்கள் வாய்க்காலுக்குக் குறுக்கே
பனங்கட்டை போட்டார்கள்,
ஒருவன் விழுந்தான், அவனை வைத்தே ஆழம் அளந்தார்கள்.

தாழம்புதர் வந்த இடத்தில் சண்டை.
படத்தில் நேர்கோடு என்றார் குலசேகர்.
வெட்டக் கூடாதென்று ஆனந்தாயி
புதருக்கு முன்னால் உட்கார்ந்தாள்.
ஒரு ஞாயிறு முழுக்க வீண்.
பாதை அங்கே கொஞ்சம் வளையும், போனால் பாருங்கள்.

பண்ணைக் காவலாளி லக்கன், எந்த ஊரோ,
முதல் வாரம் விசிலடித்தான்.
மூன்றாம் வாரம் வேலிக்கு மேலாக
குடிதண்ணீர்க் குடத்தை நீட்டினான்.
நாலாம் வாரம் வேறு ஆள் நின்றான்.

ஒன்பதாம் ஞாயிறு சர்வேயர் தையல்நாயகி வந்தார்,
லீவு நாளில், சொந்த ஸ்கூட்டியில்.
பன்னிரண்டாம் கல் புல்லுக்குள் இருந்தது.
பதின்மூன்றாம் கல் அலை நக்கும் இடத்தில் சாய்ந்து.
பதினான்கைக் காணோம்.
டேப்பை நீட்டினார், படத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார்.
"இருபத்திரண்டு மீட்டர் உள்ள இருக்கு."

ஆறு மணல் சுமந்துவந்து கொட்டிய நாளில்
யாரோ கிழித்த கோடு.
இப்போது ஆறே வழியில் எங்கெங்கோ நின்று
தவணையில் வந்து சேர்கிறது,
கடல் தன் பங்கைக் கரையில் பிடித்துக்கொள்கிறது.

"அதுவும் எங்க பாததானேம்மா?"
செல்லக்கிளி கேட்டாள்.
தையல்நாயகி பேனா மூடியைக் கடித்தபடி
வெகுநேரம் நின்றார்.
"படத்துல இருக்கு" என்றார்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள்.
முட்டி. இடுப்பு.
அலை வரும்போது எண்ணுவதை நிறுத்தி
போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.
மார்பளவில் நின்று கையைத் தூக்கினாள்:
இங்கனயா?

நனைந்த பிரதியைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு
நான் கத்தினேன்:
"இன்னும் கொஞ்சம் வடக்க!"